சின்ன வீட்டுப் பிள்ளை சொல்வது

போன வருசம் ஏப்ரல் 14 கூட்டம் முடிந்து பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று அன்றைக்கு மேடையில் பேசியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த தோழர் முப்பது வருசப் பழக்கம். அவர் கேட்டார்: “ஏம்மா, ரெண்டு ஆம்பள கட்டிக்கலாம், ரெண்டு பொம்பள கட்டிக்கலாம்ன்ற. சரி. அப்ப ஒருத்தன் வந்து ரெண்டு பொண்டாட்டி கட்டிக்கிறேன்னு நின்னா, எந்த மூஞ்ச வெச்சிக்கினு நீ வேணாம்னு சொல்லுவ?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “மனசு ஒத்துப்போன ரெண்டு பேரு சேந்து வாழ்ந்தா ஒனக்கின்னா?” என்றேன். “மூணு பேருக்கு மனசு ஒத்துப்போனா?” என்றார் உடனே. எனக்குப் பதில் வரவில்லை. சோறு இறங்கவில்லை.

அந்தத் தோழருக்கு இன்றைக்கும் தெரியாது, நான் சின்ன வீட்டுப் பிள்ளை என்று.

எங்கப்பாவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதையே காரணமாகச் சொல்லி 1962-ல் எங்கம்மாவைக் கூட்டிவந்தார். அம்மாவுக்கு அப்போது பதினேழு வயசு. மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு மஞ்சக்கயிறு, அவ்வளவுதான் கல்யாணம். ஒரே தெருவில் ரெண்டு குடிசை. சம்பளத் தேதியில் ரெண்டு பேரும் அவரவர் வாசலில் நிற்பார்கள். குடித்துவிட்டு வரும் ராத்திரிகளில் எந்த வீட்டுக் கதவை உதைக்கப் போகிறார் என்று இரண்டு வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். தெருவில் ஒருத்தரும் அப்பாவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. “வந்தவ” என்று அம்மாவைச் சொல்வார்கள். “மலடி” என்று பெரியம்மாவைச் சொல்வார்கள்.

1984-ல் அப்பா செத்துப்போனார். பென்சனுக்கு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: “நீ யாரு?” இருபத்திரண்டு வருசம் அந்த மனுசனுக்கு ஆக்கிப்போட்டவள், மூணு பிள்ளை பெற்றவள், அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பென்சன் பெரியம்மா பேருக்கு வந்தது. பெரியம்மா ஒவ்வொரு மாசமும் அதில் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அம்மா கையில் கொடுப்பாள். 2003-ல் அவள் சாகிற வரைக்கும் ஒரு மாசம் தவறவில்லை. கொஞ்ச நாளில் ரெண்டு அடுப்பை ஒரே அடுப்பாக்கிவிட்டார்கள். ரேசன் கார்டில் அம்மாவைத் தன் தங்கை என்று பெரியம்மாவே எழுதவைத்தாள். பெரியம்மாவை நினைத்தால் எனக்கு அழுகை வரும். ஆனால் அது அவளுடைய குணம். சட்டம் எங்களுக்குச் செய்த நியாயம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

தோழர் கேட்டது லேசான கேள்வி இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒருபால் திருமணத்தை ஏற்றபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இந்தக் காரணங்கள் பலதார மணத்துக்கும் பொருந்துமே என்றார். நம்முடைய உச்ச நீதிமன்றத்தில் 2023-ல் வழக்கு நடந்தபோது சொலிசிட்டர் ஜெனரல் வேறு பக்கமாக வந்தார். விலக்கப்பட்ட ரத்த உறவுக்குள் கட்டிக்கொள்கிறேன் என்று நாளைக்கு ஒருத்தன் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். அது ரொம்பத் தூரத்துக்கு இழுக்கிற வாதம் என்றார் தலைமை நீதிபதி சந்திரசூட். (தாய்மாமனைக் கட்டிக்கொள்கிற ஊரிலிருந்து யாராவது அங்கே போயிருந்தால் சிரித்திருப்பார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அதுவும் விலக்கப்பட்ட உறவுதான். வழக்கம் என்பதால் விட்டுவைத்திருக்கிறது.) 2023 அக்டோபர் 17-ல் ஐந்து நீதிபதிகளும் திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“ஒண்ணை விட்டா எல்லாம் போயிடும்” என்கிற பேச்சு நமக்குப் புதுசா? செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தபோது இதைத்தான் சொன்னான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதும் இதைத்தான் சொன்னான். “இன்னிக்குப் பக்கத்துல உக்கார வெச்சா நாளைக்குப் பொண்ணு கேப்பான்” என்றான். நத்தம் காலனியை 2012 நவம்பரில் கொளுத்தினார்களே, அதற்கு ஒரு கல்யாணம்தானே சாக்கு? 2016-ல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் சங்கரை வெட்டியதும் கல்யாணத்துக்காகத்தான். அதனால் இந்த வகைப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுவும் நம்ம தோழர் வாயிலிருந்து வந்தால்?

ஆனாலும் கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். அவன் சொன்னது நடக்கவும்தானே செய்தது? உட்கார்ந்தோம், பிறகு பெண்ணைக் காதலித்தோம், கட்டினோம். அதில் தப்பு என்ன? பெஞ்சில் உட்கார்ந்ததால் அந்தக் கல்யாணம் சரியாகிவிடவில்லை. அது தனக்கே உரிய நியாயத்தில் சரி. ஒவ்வொரு படியையும் அதனதன் நியாயத்தில் வைத்துத்தான் கேட்கவேண்டும். இரண்டு தாரத்தையும் அப்படியே கேட்போம்.

“ஒருவனுக்கு ஒருத்தி நம் பண்பாடு” என்று மேடையில் முழங்குகிறார்களே, அது எப்போது வந்த பண்பாடு? சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாம் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது 1949-ல். அதுவரைக்கும் எத்தனை வேண்டுமானாலும் கட்டலாம். முருகனுக்கே இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் ஒருதார மணத்தையும் மணமுறிவு உரிமையையும் வைத்தபோது எதிர்த்தவர்களில் பண்பாட்டுக் காவலர்கள்தான் அதிகம். 1951-ல் அவர் பதவியை உதறிவிட்டு வந்ததற்கு அந்த மசோதாவைக் கிடப்பில் போட்டது ஒரு முக்கியக் காரணம். 1955-ல் சட்டம் வந்த பிறகாவது நின்றதா? இரண்டாவது கல்யாணம் முறையான சடங்கோடு நடந்தது என்று நிரூபித்தால்தான் குற்றம் என்று 1965-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மஞ்சக்கயிறு கட்டியவன் தப்பித்துக்கொண்டான். கட்டப்பட்டவளுக்கு ஜீவனாம்சம்கூட இல்லை என்று 1988-ல் இன்னொரு தீர்ப்பு. பல தாரம் என்றதும் துலுக்கத் தெருப் பக்கம் கை நீட்டுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

எண்ணிக்கையைத் தொடாமலே கல்யாணத்தை மாற்ற முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1967-ல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினார்கள். ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம், தாலியும் கட்டாயமில்லை. இதைவிடப் பெரிய மாற்றம் வேறென்ன? அதனால் இரண்டு பெண்டாட்டி சட்டமாகிவிட்டதா? 2019-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, ‘மணமகள்’ என்றால் திருநங்கையும்தான் என்றது. மணமகள் யார் என்பது மாறியது. ஒருத்தி என்பது அப்படியே இருக்கிறது. நெதர்லாந்தில் 2001-லிருந்து ஒருபால் திருமணம் நடக்கிறது, இன்றைக்கும் இரண்டு பேருக்குத்தான். தென்னாப்பிரிக்காவில் இன்னும் வேடிக்கை. அங்கே பழங்குடி வழக்கப்படி நடக்கும் பலதார மணத்தை 1998-லேயே சட்டம் ஏற்றுக்கொண்டது. ஒருபால் இணையர்களுக்கு 2006-ல்தான் வழி விட்டார்கள். எது எதை இழுத்துக்கொண்டு வந்தது, சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், அன்றைக்கு நான் சொன்ன பதில் தப்புதான். “மனசு ஒத்துப்போச்சு” என்பது மட்டும் போதாது. பதினேழு வயசில் எங்கம்மாவும் சம்மதம் என்றுதான் தலையாட்டினாள். பெரியம்மாவும் ஆரத்தி எடுத்தாள். எடுக்காவிட்டால் அவளைத் தீர்த்துவிட்டிருப்பார்கள். அந்தச் சம்மதத்தை வைத்துக்கொண்டு ஒரு சட்டம் எழுதினால் அது அப்பாவுக்குத்தான் உதவும். ஒருபால் திருமணம் கேட்கிறவர்கள் மற்றவர்களுக்கு இருக்கிற அதே பாத்தியதையை, அதே இரண்டு பேருக்கு, அதே கடமைகளோடு கேட்கிறார்கள். இவர்களுக்கு அதை மறுப்பதற்குப் பிறந்த உடம்பைத் தவிர வேறு காரணம் இல்லை. பிறப்பைக் காட்டி மறுப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என் தங்கச்சி மகள் ஒன்பது வருசமாக இன்னொரு பெண்ணோடு குடித்தனம் செய்கிறாள். போன வருசம் அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் ஆபரேசன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட இவள் போனாள். “நீங்க யாரு?” என்று கேட்டார்களாம். போனில் அவள் சொன்னபோது எனக்கு 1984 ஞாபகம் வந்தது. கடைசியில் “அக்கா” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று ஒரு பெண் இணையர் வழக்கில் சொல்லியிருக்கிறது. நல்ல வார்த்தை. அந்த வார்த்தையைக் கொண்டுபோய்க் காட்டினால் பாரத்தை நீட்டுகிறவர் ஒப்புக்கொள்வாரா?

மூன்று பேர், எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள், ஒருத்தரை ஒருத்தர் அண்டிப் பிழைக்காதவர்கள், நாங்களும் சேர்ந்து பதிவு செய்கிறோம் என்று நாளைக்கு வந்தால்? வரட்டும். அப்போது என் கேள்வி ஒன்றுதான்: இதில் எங்கம்மாவைப் போல ஒருத்தி இருக்கிறாளா இல்லையா? அதுவரைக்கும், இரண்டாவதாக வந்து மாட்டிக்கொண்டவளுக்குச் சோறும் கூரையும் வேண்டும் என்று கேட்பேன். பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு என்று சட்டம் ஏற்கனவே சொல்கிறது, அதை வாங்கித் தரச் சொல்லிக் கேட்பேன். கட்டுகிறவனுக்கு உரிமை கேட்க மாட்டேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பது. பேத்தி விசயம் அவளுக்குத் தெரியும். தோழர் கேட்டதைச் சொல்லி, “நீ இன்னாம்மா சொல்ற?” என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “அதுங்க ரெண்டு பேரு. சண்ட போட்டாலும் மூஞ்சிக்கி மூஞ்சி போட்டுக்குதுங்க. எங்கள்ல எப்பவும் ஒருத்தி வெளிய நின்னோம்.”

அடுத்த மாசம் அதே ஊரில் கூட்டம். தோழர்தான் போன் செய்து கூப்பிட்டார். இந்தத் தடவை எங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் கேட்டதை அவளிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்டாள்.