உள்ளே நின்று பார்க்க வேண்டிய கண்ணாடி

வேங்கிக்காலிலிருந்து பங்கு மக்கள் சிலருடன் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி சென்றிருந்தோம். மகனை இழந்தபின் ஓராண்டாகக் கோவில் வாசலை மிதியாத தாய் ஒருவரையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். நம் ஆறுதல் மொழிகள் எவையும் அவரிடம் பலித்ததில்லை.

இரயில் நிலையத்தின் அருகே எழுந்து நிற்கிறது திருஇருதய ஆண்டவர் ஆலயம். கோத்திக் பாணியில் கட்டப்பெற்று 1907ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது. 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

வெளியே நின்ற சிறுவன் ஒருவன் சன்னல்களைச் சுட்டி, "சாமி, கண்ணாடியெல்லாம் ஒரே அழுக்கா இருக்கே!" என்றான். நம் கண்களுக்கும் ஈயப் பட்டைகளும் இருண்ட துண்டுகளுமே தெரிந்தன.

உள்ளே நுழைந்தோம். திருஇருதய பக்தியில் சிறந்த 28 புனிதர்கள் காலைக் கதிரில் சுடர்விட்டனர். உருகும் கண்ணாடியில் கோபால்ட்டு சேர்ந்தால் நீலம். வெள்ளிச் சேர்மம் பூசிச் சூளையில் சுட்டால் மஞ்சள். ஆயினும் கதிரவன் ஒளி ஊடுருவினாலன்றி அவ்வண்ணங்கள் வாய் திறப்பதில்லை. அழுக்கெனத் தோன்றிய ஈயமே துண்டுகளை உருவமாக இணைத்து நின்றது.

அந்தத் தாய் நெடுநேரம் அசையாது நின்றார். பின்னர் மெல்லச் சொன்னார்: "நான் இத்தனை நாளா வெளியவே நின்னு பார்த்துட்டேன், சாமி."

அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவரைக் கண்டோம். அன்று நம் மறையுரை வழக்கத்தினும் சுருக்கமாகவே அமைந்தது.