சிவப்புச் சொல்

கணனித் திரையிற் சிவப்பாகத் தோன்றும் சொல், தன்னியல்பிற் சிவப்புடையதன்று. அதற்கு முன்னே கண்ணுக்குப் புலப்படாத கட்டளையொன்று நிற்கின்றது. 27 என்ற எண்ணுக்குரிய 'எஸ்கேப்' குறி, ஒரு சதுர அடைப்பு, 31 என்னும் இலக்கம், 'எம்' என்ற ஆங்கில எழுத்து, அவ்வளவே. 32 எனிற் பச்சை. 0 எனிற் பழைய நிலை. இத்தகைய கட்டளைகளைப் பரவச் செய்தது 1978 இல் வெளிவந்த வீ.ரீ. 100 என்னும் முனையம். அம்முனையமோ நிறமற்றது என்பது வேடிக்கை.

கட்டளையும் எழுத்தும் ஒரே ஓடையிற் செல்கின்றன. முனையம் கட்டளைக்குப் பணிந்து நிறத்தைக் காட்டும். கோப்போ அதனையும் எழுத்தெனக் கருதிச் சேமித்துக்கொள்ளும். ஆதலாற்றான் 'கிறெப்' போன்ற தேடற் செய்நிரல்களில், முனையத்துக்கு எழுதும்போது மட்டும் நிறந்தருக, எப்போதும் தருக, ஒருபோதும் தரற்க என மூன்று தெரிவுகள் உள.

கலைப்பீட மாணவனொருவன் இரண்டாவதைத் தெரிந்தான். தேடிய வரிகளைப் பக்கம் பக்கமாகக் காட்டும் வேறொரு செய்நிரலுக்கு அனுப்பியபோது நிறம் மறைந்தமை அவனுக்குப் பிடிக்கவில்லை. பின்னர் அதனை மறந்துவிட்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுரைகள் சிலவற்றிலிருந்து 'கல்வி' வரும் வரிகளைத் திரட்டிக் கோப்பாக்கினான். அக்கோப்பினுள் 'கல்வி கற்' என்ற தொடரைத் தேடினான். ஒன்றுமே கிட்டவில்லை. அக்கால எழுத்தாளர் அத்தொடரை ஆளவில்லை என ஆய்வேட்டில் ஒரு பந்தி எழுதினான். அதற்கு ஒரு காரணமுங் கற்பித்தான். இல்லாத ஒன்றுக்குக் காரணங் காண்பது எத்துணை எளிது!

அவன் கோப்பைத் திரையில் விரித்திருந்த வேளையிற் சக மாணவி ஒருத்தி விரலால் தொட்டுக் காட்டினாள். சிவப்பில் 'கல்வி', அதையடுத்து, நிறமின்றி, 'கற்றார்'. ஐந்தாறு இடங்களில் அவ்வாறிருந்தது. இரு சொற்களுக்குமிடையே, நிறத்தை நிறுத்தும் கட்டளை ஒளிந்திருந்தது. கண்ணுக்கு அடுத்தடுத்து நின்ற சொற்கள் தேடலுக்குப் பிரிந்து நின்றன.

செய்நிரலை அவன் நொந்துகொண்டான். அது நியாயமன்று, கேளாமலே நிறந்தீட்டும் செய்நிரல்கள் வேறு உள. அவற்றைத் தடுக்கவே 'நோ கலர்' என்னும் பொது அமைப்பு 2017 இல் முன்மொழியப்பட்டது. இதுவோ அவன் சொன்னதையே செய்தது.

தெரிவை மாற்றி வரிகளை மீண்டுந் திரட்டினான். தொடர் கிட்டியது. காரணத்தோடு கூடிய அந்தப் பந்தி அன்றிரவே நீக்கப்பட்டது.