உம்மாவின் பெருவிரல்

பெண்களின் கைவலியை எங்கள் வீடுகளில் யாரும் ஒரு நோயாகக் கணக்கெடுப்பதில்லை. “வயது போனால் அப்படித்தான்” என்று சொல்லி, கொஞ்சம் தைலத்தைப் பூசிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என் உம்மாவும் அப்படித்தான் காலத்தைக் கடத்தினார்.

உம்மாவுக்கு 67 வயது. தேங்காய் திருவும்போதும், இடியப்பம் பிழியும்போதும், ஈரத்துணியை முறுக்கும்போதும் வலது பெருவிரலின் அடியில் சுள்ளென்று வலிக்கும். நாளடைவில் போத்தல் மூடியைத் திறக்கவும், வுழூச் செய்யக் குழாயைத் திருகவும் முடியாமல் போயிற்று. வலது கை விரற்கணுக்களில் பெருவிரலை வைத்துத் தஸ்பீஹ் எண்ணுவதுகூட அவருக்குக் கஷ்டமானது. வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன்.

பெருவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் குதிரைச் சேணம் போன்ற ஒரு மூட்டு இருக்கிறது. விரல் பல பக்கமும் சுழல்வது அதனால்தான். நுனிவிரலால் ஒரு பொருளை இறுக்கிப் பிடித்தால், அந்த அழுத்தம் அடிமூட்டில் ஏறத்தாழ 12 மடங்காகிறது. அங்குள்ள குருத்தெலும்பு தேய்ந்ததும் எலும்போடு எலும்பு உரசத் தொடங்கும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்நோய் அதிகம்.

இதற்கான சத்திரசிகிச்சையில், மணிக்கட்டிலுள்ள ட்ரபீசியம் என்ற சிறு எலும்பை அகற்றிவிடுகிறார்கள். ஜர்விஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1949ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாலானோருக்கு வலி நன்றாகக் குறைகிறது. ஆனால் 4 முதல் 6 கிழமை வரை கட்டோடு இருக்க வேண்டும். வீட்டு வேலைக்குத் திரும்ப 3 மாதமாவது செல்லும். முழுப் பலன் தெரிய ஒரு வருடமும் ஆகலாம். விரல் சற்றுக் குட்டையாகும். சிலருக்கு விரலின் மேற்புறம் மரத்துப்போவதும் உண்டு. எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாது.

வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த தம்பி, உடனே செய்வோம் என்றார். இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்றாள் தங்கச்சி. படத்தை மட்டும் வைத்து இதைத் தீர்மானிப்பதில்லை என்று வைத்தியர் சொன்னார். படம் மோசமாக இருந்தும் வலி குறைவானவர்கள் இருக்கிறார்களாம். அவசரமும் இல்லையாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா, “மூணு மாசம் நான் கையக் கட்டிட்டு இருந்தா இந்த வீட்டு வேலையெல்லாம் யாரு மகன் செய்யிற?” என்றார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிரவே உம்மாவின் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினோம். தாள் ஒரு பக்கம் போதவில்லை. தேங்காய் திருவுவது என் பங்குக்கு வந்தது.

கட்டோடு எப்படித் தொழுவது என்பது உம்மாவின் அடுத்த கவலை. கட்டின் மேல் ஈரக் கையால் தடவுவது, தயம்மும் செய்வது என்று மார்க்கம் நோயாளிக்கு இலகுவைத் தந்திருக்கிறது என்பதை விளக்கினேன். உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் ஊரிலுள்ள ஆலிமிடம் விபரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு உம்மா தன் முடிவைச் சொன்னார். “வெட்டாமச் செய்யக்கூடியதை முதல்ல செஞ்சு பார்ப்பம். ராவையில வலி தூங்க விடாட்டி நானே சொல்றன்.”

விரலைத் தாங்கும் பட்டி, கைப்பயிற்சி, தடித்த பிடியுள்ள கத்தி, திருகாமல் தட்டித் திறக்கும் குழாய் என்று 6 மாதம் கழிந்துவிட்டது. வலி முற்றாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. தேவைப்பட்டால் ஊசி போடலாம், ஆனால் அதன் சுகம் நீடிப்பதில்லை என்றும் வைத்தியர் சொல்லி வைத்திருக்கிறார். சத்திரசிகிச்சை வேண்டாமென்று உம்மா தள்ளிவிடவுமில்லை.

சகோதரிகளே, உங்களுக்கும் இந்த வலி இருந்தால் எந்தெந்த வேலை முடியவில்லை, இரவில் தூக்கம் கெடுகிறதா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மற்ற வழிகளையெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சம்மதம் உங்களுடையதாக இருக்கட்டும். அந்த மூன்று மாத வேலையைப் பிள்ளைகள் முதலில் பொறுப்பெடுக்கட்டும். நாள் குறிப்பது அதற்குப் பிறகு.