ஒகேனக்கல்லில் ஒரு 'டிக்' சத்தம்!

ஃபைனல் இயர் டூருக்கு கோவா, ஊட்டினு பிளான் போட்டு, பட்ஜெட்டைப் பார்த்து மயக்கம் போட்டு, கடைசியில 'ஒருநாள் ட்ரிப் போதும்ப்பா'னு இறங்கி வந்திருக்கீங்களா? கவலையை விடுங்க. தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்ல இருக்கு ஒகேனக்கல். பென்னாகரம் தாண்டினதும் மலைப்பாதை வளைஞ்சு வளைஞ்சு இறங்கும். பஸ்ல பின் சீட் கானா கச்சேரி களைகட்டி இருக்கும்போதே காத்துல ஈரமும் மீன் பொரிக்கிற வாசனையும் சேர்ந்து வரும். அவ்ளோதான், வந்துட்டீங்க!

எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், நீங்க வாங்கிக் கொடுக்கிற மீனை அங்கேயே மசாலா தடவிப் பொரிச்சுத் தர்ற அக்காக்கள்... இதெல்லாம் உங்க சீனியர்ஸே கதை கதையா சொல்லியிருப்பாங்க. அவங்க சொல்லாம விட்ட ஒண்ணைப் பத்தித்தான் இப்போ பேசப் போறோம். பரிசல் துறையில உங்க கையில கொடுக்கிற அந்த ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்!

புகையும் கல்லும்

கன்னடத்துல 'ஹோகே'ன்னா புகை. புகையுற பாறைங்கிறதால 'ஹோகேனக்கல்'. காவிரி பல கிளையா பிரிஞ்சு பாறை மேல விழுந்து, நீர்த்துளி புகை மாதிரி எழும்பும். அந்தப் புகைக்குப் பக்கத்துல போய்ப் பார்க்கத்தான் பரிசல். மூங்கிலைப் பின்னி வட்டக்கூடை செஞ்சு, ஒரு காலத்துல மாட்டுத்தோல் போர்த்துவாங்க. அப்புறம் பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் வந்துச்சு. முன்பக்கம், பின்பக்கம்னு எதுவும் கிடையாது. ஒத்தைத் துடுப்புதான். பரிசல்காரர் மனசு வெச்சா ராட்டினம் மாதிரி சுத்திக் காட்டுவார்.

அகலமான தட்டை அடிங்கிறதால, எல்லாரும் ஒழுங்கா உட்கார்ந்தா பரிசல் சாதுவான வண்டி. ஆனா செல்ஃபிக்காக நாலு பேரும் ஒரே பக்கம் சாய்ஞ்சா..? கூடையை ஒரு ஓரமா அழுத்தினா என்ன ஆகும்னு வீட்டுல பக்கெட் தண்ணியில தட்டைப் போட்டுப் பாருங்க, புரியும்.

2015 ஏப்ரல்ல இதே ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, சந்தோஷமா சுற்றுலா வந்த ஒரு குடும்பத்துல பல பேர் உயிரிழந்தாங்க. 2024 ஜனவரி 18-ல குஜராத் மாநிலம் வதோதராவில், ஏரியில படகுச் சவாரி போன பள்ளிப் பிள்ளைங்க 12 பேரும் டீச்சர்ஸ் 2 பேரும் இறந்தாங்க. அந்தப் படகுல பல பேர் லைஃப் ஜாக்கெட்டே போட்டிருக்கலை. ரெண்டுமே ஜாலி ட்ரிப்தான்.

சுரைக்குடுக்கை சயின்ஸ்

நம்ம தாத்தாக்கள் கிணத்துல நீச்சல் பழகினப்போ முதுகுல காய்ஞ்ச சுரைக்குடுக்கையைக் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் லாரி டியூப் வந்துச்சு. லைஃப் ஜாக்கெட்டும் அதே பரம்பரைதான். ஸ்கூல்ல தூங்கிட்டே கேட்ட ஆர்க்கிமிடீஸ்தான் இங்கே ஹீரோ. தண்ணியை எவ்வளவு ஒதுக்குறோமோ, அவ்வளவு எடைக்கு நம்மைத் தண்ணி மேலே தள்ளும்.

'60 கிலோ ஆளைத் தூக்க 60 கிலோ மிதப்பு வேணுமே'னு கணக்குப் போடாதீங்க. நம்ம உடம்பு கிட்டத்தட்ட தண்ணி எடைதான், பெரும்பகுதியை ஆறே தாங்கிக்கும். வெளியே நிற்க வேண்டியது தலை மட்டும். அதுக்கு சுமார் 5 கிலோ மிதப்பு இருந்தாலே வாயும் மூக்கும் மேலே நிற்கும்.

ஜாக்கெட் லேபிள்ல நியூட்டன் கணக்கு இருக்கும். 10 நியூட்டன்னா ஏறக்குறைய 1 கிலோ மிதப்பு. 50 நியூட்டன் ஜாக்கெட் நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, அதுவும் உதவிக்கு ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும். 100 நியூட்டன்லதான் கழுத்துக்குப் பின்னாடி காலர் வெச்சு, மயங்கின ஆளையும் முகம் மேலே இருக்கிற மாதிரி புரட்டிப் போட முயற்சி பண்ணுற டிசைன் வருது.

'எனக்கு நீச்சல் தெரியும் மச்சி'ங்கிற ஹீரோக்களே, கவனிங்க. ஒகேனக்கல்லில் தண்ணிக்கடியில பாறை. விழுந்த வேகத்துல தலை மோதினா, நீங்க ஸ்டேட் லெவல் சாம்பியனா இருந்தாலும் நீச்சல் அடிக்கப் போறது உங்க ஜாக்கெட் மட்டும்தான். இன்னொண்ணு, அருவி விழுற இடத்துல தண்ணி நுரையா இருக்கும். நுரைன்னா பாதி காத்து, அதோட எடை கம்மி. அதனால உங்களைத் தூக்குற பலமும் கம்மி. நல்ல ஜாக்கெட்டே அங்கே திணறும். 'அண்ணா, இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கண்ணா'னு பரிசல்காரரை நச்சரிக்காதீங்க.

ஒரு நிமிஷ டெஸ்ட்

டீ-ஷர்ட் வாங்க ரெண்டு மணி நேரம் டிரையல் ரூம்ல நிற்கிறோம். இதுக்கு ஒரே ஒரு நிமிஷம் போதும்.

அமுக்கிப் பாருங்க: உள்ளே இருக்கிற ஃபோம் அமுங்கி, உடனே எழும்பணும். அமுங்கினபடியே இருந்தாலோ, காய்ஞ்ச ஜாக்கெட் கனமா இருந்தாலோ, 'வேற கொடுங்கண்ணா'னு தயங்காம கேளுங்க.

லேபிளைப் பாருங்க: எத்தனை கிலோ ஆளுக்குன்னு போட்டிருக்கும். உங்க எடை அதுக்குள்ளே வரணும். லேபிளே அழிஞ்சு போச்சுன்னா அது எத்தனை வருஷக் கிழவன்னு புரிஞ்சுக்கோங்க.

தூக்கிப் பாருங்க: எல்லா பக்கிளையும் 'டிக்'னு சத்தம் வர மாட்டி, பட்டையை இழுத்து இறுக்குங்க. இப்போ ஃப்ரெண்டை விட்டு ரெண்டு தோள்லயும் பிடிச்சு மேலே தூக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் காது வரைக்கும் வந்தா, தண்ணியில அது மட்டும் மிதக்கும், நீங்க உள்ளே நழுவிடுவீங்க.

குட்டீஸைப் பாருங்க: கூட தம்பி, தங்கச்சி வந்தா பெரியவங்க ஜாக்கெட்டை மாட்டி விடாதீங்க. குழந்தை சைஸ், கால் இடுக்குல போற பட்டையோட கேளுங்க. கிடைக்கலைன்னா அந்தச் சவாரியே வேணாம்.

ஸ்கூபா பார்ட்டிகளுக்கு...

'அடுத்து பாண்டிச்சேரியில ஸ்கூபா போறோம்ல, அதுலயும் ஜாக்கெட் உண்டே'னு கேட்கிறீங்களா? அது வேற ஜாதி. அதுல ஃபோம் கிடையாது, காத்துப் பை. கடலுக்குள்ளே இறங்கணும்னா காத்தை விடணும், நிக்கணும்னா கொஞ்சம் நிரப்பணும்.

அதுலயும் ரெண்டு வகை. ஒண்ணு, உடம்பைச் சுத்தி ஊதுற ஜாக்கெட். தண்ணிக்கு மேலே நிமிர்ந்து நிற்க வசதி, புதுசுங்களுக்கு இதுதான் பெரும்பாலும். இன்னொண்ணு, முதுகுப் பக்கம் மட்டும் ஊதுற 'விங்'. கடலுக்குள்ளே மட்டமா நீந்த சூப்பர். மேலே வந்ததும் ஓவரா ஊதினா முகத்தை முன்னாடி தள்ளும்.

ஒத்தை சிலிண்டருக்கு ராட்சஸப் பையும் வேணாம். வழக்கமான 11 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல அடைக்கிற காத்தோட எடையே இரண்டரை கிலோ சொச்சம்தான். அதை நீங்க மூச்சு விட்டுத் தீர்க்கத் தீர்க்க சிலிண்டர் லேசாகும். அந்த வித்தியாசத்தையும், உங்க வெட்சூட்டோட மிதப்பையும் சரிக்கட்டினா போதும். ஆனா ஒண்ணு, மயங்கின ஆளோட முகத்தை மேலே திருப்புறதுக்குன்னு செஞ்சதில்லை அது. இறங்குறவனுக்கு ஒரு ஜாக்கெட், விழக்கூடாதவனுக்கு ஒரு ஜாக்கெட்!

வெயிலை நம்பாதீங்க

கிளம்புறதுக்கு முன்னாடி நியூஸ்ல ஒரு வரி பாருங்க. 'ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு இத்தனை கனஅடி நீர்வரத்து'ன்னு வரும். ஒரு கனஅடின்னா சுமார் 28 லிட்டர். 10,000 கனஅடின்னா ஒரு வினாடிக்கு 2.8 லட்சம் லிட்டர்! தருமபுரியில வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனா குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கர்நாடக அணைங்க நிரம்பி, பிலிகுண்டுலு வழியா வெள்ளம் இங்கே வந்து நிற்கும். தண்ணி கூடினா மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். அந்த நேரத்துல 'ரகசியமா கூட்டிட்டுப் போறோம்'னு யாராவது வந்தா, நீங்க மீன் கடைப் பக்கம் நடையைக் கட்டுங்க.

ஒருவேளை யாராவது தண்ணியில விழுந்துட்டா, நீங்களும் பின்னாடியே குதிச்சு தியாகி ஆகாதீங்க. மூடி இறுக்கின 5 லிட்டர் காலி கேனே கிட்டத்தட்ட 5 கிலோ மிதப்பு கொடுக்கும். கயிறு கட்டி வீசுங்க. நம்ம தாத்தாவோட சுரைக்குடுக்கைதான் அது!

எல்லாம் சரி... போட்டோவுல ஜாக்கெட் போட்டா ஸ்டைல் போயிடுமேன்னு பக்கிளைத் திறந்து விட்டுப் போஸ் கொடுக்கிற கூட்டம் ஒவ்வொரு கேங்கிலேயும் உண்டு. உங்க கேங்கில அது யாருன்னு இப்பவே ஞாபகம் வந்திருக்குமே? பரிசல் கரையை விட்டு நகர்றதுக்கு முன்னாடி, நீங்களே கை நீட்டி அவனோட பக்கிளை மாட்டி விடுங்க. 'டிக்'! திட்டுவான். பரவாயில்லை, சாயங்காலம் பஸ்ல ஒண்ணா உட்கார்ந்து கானா பாட அவனும் வேணும்ல?