அகராதியைச் சாட்சிக்கு இழுத்தவன்

பத்திரிகை ஒன்றில் பிரதி திருத்தும் வேலையில் இருந்தபோது, பிறர் எழுதிய சொற்களை அநியாயமாக வெட்டியிருக்கிறேன். வெட்டியதைவிடப் பெரிய குற்றம், அதற்கு அகராதியைச் சாட்சிக்கு இழுத்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் அதற்கு அனுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். வையாபுரிப் பிள்ளை போன்றவர்கள் வாழ்நாளின் நல்ல ஆண்டுகளை அதற்குக் கொடுத்தார்கள். அந்த உழைப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் தேடலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. 1862இல் வந்த வின்சுலோ அகராதியும் அங்கேயே கிடைக்கும். அலுவலகத்தில் லெக்சிகனின் அச்சுப் பிரதி என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. எழுந்து எடுக்கச் சோம்பல். சந்தேகமான சொல்லைக் கைப்பிரதியிலிருந்து நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டுவேன். விடை வராவிட்டால் அந்தச் சொல் இல்லை என்று முடிவு கட்டிவிடுவேன்.

ஈரோட்டுப் பக்கத்து இளம் எழுத்தாளர் ஒருவர் சிறுகதை அனுப்பியிருந்தார். அதில் ஒரு பெண் ‘இட்டேரியில்’ நடந்து போகிறாள். எனக்கு அந்தச் சொல் தெரியாது. வேற்றுமை உருபோடு அப்படியே ஒட்டித் தேடினேன். ஒன்றும் வரவில்லை. ‘வரப்பில்’ என்று மாற்றி அச்சுக்கு அனுப்பினேன்.

இட்டேரி என்பது இரண்டு பக்கமும் வேலி உயர்ந்து நிற்க, காடுகளுக்கு நடுவே போகும் தடம். கொங்கு நாட்டுக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கதையில் அந்தப் பெண் யார் கண்ணிலும் படாமல் போக வேண்டியவள். கதையே அந்த மறைவில்தான் நிற்கிறது. இதழ் வந்த அன்று எழுத்தாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபப்படவில்லை. “வரப்பு மேல போனா ஊருக்கே தெரியுமுங்களே சார்” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே என் தவறு முழுவதும் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ‘அகராதியில் இல்லாத சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை’ என்று சொல்லி, விடை கிடைக்காத அந்தத் திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அதன் பிறகு அவர் எங்களுக்குக் கதை அனுப்பவில்லை.

தமிழ் அகராதியில் எப்படித் தேட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பெயர்ச்சொல்லுக்கு உருபைக் கழற்ற வேண்டும். வினையென்றால் லெக்சிகனில் ‘தல்’, ‘த்தல்’ என்று முடியும் வடிவத்தில் பார்க்க வேண்டும். ‘போனாள்’ என்று கேட்டால் அது எப்படி விடை தரும்? றகர, ரகர மாற்றத்தையும் முயன்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பேச்சில் புழங்கும் சொல்லுக்கு எழுத்து ஒன்றாகவே நிற்பதில்லை. புத்தகத்தைப் புரட்டுகிறவனுக்கு அந்தப் பக்கத்தின் மற்ற சொற்களும் கண்ணில் படும், தவறான எழுத்தோடு போனாலும் சரியான இடத்துக்குப் பக்கத்திலாவது போய்ச் சேருவான். திரை, கேட்ட எழுத்துகளுக்கு மட்டும் பதில் சொல்கிறது. இவ்வளவும் தெரிந்தும் நான் அந்த வெற்றுத் திரையை விரும்பினேன். யோசிக்காமல் முடிவெடுக்கவும், முடிவுக்குப் பொறுப்பேற்காமல் இருக்கவும் அது வசதியாக இருந்தது.

எதை ஆதாரமாகக் காட்டினேனோ, அந்த லெக்சிகனே வட்டாரச் சொற்களை ஒதுக்கவில்லை. ‘Loc.’ என்ற ஆங்கிலச் சுருக்கக் குறியோடு அவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. அச்சில் வராத, வாயில் மட்டும் வாழ்ந்த சொற்களையும் தேடிச் சேர்த்தவர்கள் அவர்கள். அதிலும் விடுபட்டவை உண்டு என்பதால்தான் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் தனி அகராதிகள் தொகுத்தார்கள். இருக்கும் சொல்லைக் காட்டத்தான் அகராதி. இல்லாததை நிரூபிக்க அதைப் பயன்படுத்தியது என் கீழ்மை. அதுவும், சொல்லுக்குச் சொந்தக்காரர் தொலைபேசியின் மறுமுனையிலேயே இருந்தபோது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். அவருடைய கதைத் தொகுப்பு பின்னர் வந்தது; அதில் ‘இட்டேரி’ தன் இடத்தில் இருக்கிறது. கடையில் வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கும் துணிவு இன்றுவரை வரவில்லை. இந்த ஒரு சொல்லாவது, அவர் கேட்டதால் எனக்குத் தெரிந்தது. கேட்காமல் போனவர்களின் கைப்பிரதிகளில் இதே முறையில் எதையெல்லாம் மாற்றினேன் என்று சொல்ல என்னிடம் எந்தக் குறிப்பும் இல்லை. இதழ் வந்ததும் மூலப் பிரதிகளைக் கணினியிலிருந்து அழித்துவிடுவதும் என் வேலையாகத்தான் இருந்தது.