மேடு பள்ளத்திலும் அசையாத முள்வேலி

காங்கேயத்திலிருந்து ஊதியூர் வழியாகத் தாராபுரம் போகும் சாலையின் இருபுறமும் கொறங்காடுகள். தரையில் கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழை குறைந்த இந்தப் பூமியில் காங்கேயம் மாடுகளையும் செம்மறிகளையும் காப்பாற்றி வருவது இந்த மேய்ச்சல் நிலம்தான். காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றதில் புல்லைத் தழைய விடுவது இங்குள்ள வழக்கம். வேலி உறுதியாக இருந்தால்தான் அந்த வழக்கம் நிலைக்கும். ஒரு சந்து விழுந்தால் போதும், மாடு பக்கத்துக் காட்டுச் சோளத்தில் இறங்கிவிடும். மறுநாள் பங்காளிகளுக்குள் சண்டை.

கிளுவை பட்டுப்போன இடங்களிலும், பாகம் பிரித்த காடுகளிலும் இப்போது கல்காலும் முள்கம்பியும் வந்துவிட்டன. ஆனால், இங்கே பூமி அலை அலையாக ஏறி இறங்கும். இடையில் ஓடைப்பள்ளம் குறுக்கிடும். சமதளத்தில் கட்டுவதைப்போலவே இங்கும் கட்டிய வேலி, சீக்கிரமே பல்லிளித்துவிடும்.

காரணம் எளிது. இறுக்கிய கம்பி நேராக நிற்கத்தான் பார்க்கும். அதனால் மேட்டில் உள்ள கல்லைக் கீழே அழுத்தும். பள்ளத்தில் உள்ள கல்லை மேலே தூக்கும். பள்ளத்துக் கல் கிளம்பியதும் அடிக்கம்பி உயர்ந்து, கன்றுக்குட்டி நுழையும் அளவுக்கு வழி விட்டுவிடும்.

நன்றாக அமைந்த வேலியில், முதலில் நில அளவையர் காட்டிய எல்லையில் கயிறு பிடித்திருப்பார்கள். மூலை, மேட்டின் உச்சி, பள்ளத்தின் அடி ஆகிய இடங்களில் முதன்மைக் கற்களை நட்டு, அவற்றுக்கு இடையே 8 முதல் 10 அடிக்கு ஒரு கல் வைத்திருப்பார்கள். 7 அடிக் கல்லில் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். பள்ளத்தில் 8 அடிக் கல்லை 3 அடி ஆழத்தில் இறக்கி, கான்கிரீட் போடுவது நல்லது. சரிவிலும் கல்லைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாகத்தான் நட வேண்டும். சரிவோடு சாய்த்து நடக்கூடாது. மூலைக் கற்களுக்கு இருபக்கமும் முட்டுக்கல் அவசியம்.

கம்பியை ஒரே இழுப்பாக இழுக்காமல், ஒரு முதன்மைக் கல்லிலிருந்து அடுத்த முதன்மைக் கல் வரை இறுக்கிக் கட்டிவிட்டு மேலே போக வேண்டும். அப்போது கம்பி தரையின் ஏற்ற இறக்கத்தோடு செல்லும். மாட்டுக்கு ஐந்து வரிசை போதும். செம்மறி இருந்தால் கீழ் வரிசைகளை அரை அடி இடைவெளியில் நெருக்கிக் கட்ட வேண்டும். இறுக்கும்போது கம்பி அறுந்தால் சுருண்டு வந்து அடிக்கும். கனமான கையுறை போட்டு, கம்பிக்கு நேராக நிற்காமல் விலகி நிற்பது பாதுகாப்பு.

ஓடை குறுக்கிடும் இடத்தில் வேலியை நேராகவே கொண்டுபோய், கீழே உள்ள இடைவெளிக்குத் தனியாகக் கம்பித் துண்டுகளைத் தொங்கவிட்டு, முனையில் கல் கட்டிவிடலாம். வெள்ளம் வந்து செத்தை அடைத்தாலும் அந்தத் துண்டு மட்டும்தான் போகும். முழு வேலியும் தப்பிக்கும்.

சிலர் மழைக்காலத்தில் கம்பியை ஒட்டியே கிளுவைப் போத்துகளையும் நட்டுவிடுகிறார்கள். செலவு குறைவு. இலையை ஆடு கடிக்கும்; வேலிக்குள் குருவி கூடு கட்டும். கம்பி துருப்பிடித்து அறும் காலத்தில், கிளுவை தழைத்து வேலியாகியிருக்கும்.