மதுபனிச் சுவர்களும் மாதர் பெயர்களும்

நம் சங்கத்து அன்பர்களில் வடபீகாருக்கு மாற்றலாகி வருவோர் மிகச் சிலரே. அவர்களும், "இப்பக்கம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று ஊருக்குச் செல்லும் நாளை எண்ணிக் கொண்டிருப்பர். அத்தகையோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்பங்காவிலிருந்து ஜெயநகர் செல்லும் வண்டியில் ஏறி, மதுபனியில் இறங்கிப் பார்த்தல் வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணந்தான்.

இரயில்வே எழுத்தனாகிய எனக்கு நிலையச் சுவர் என்றாலே விளம்பரமும் வெற்றிலைக் கறையுமே நினைவுக்கு வரும். மதுபனி நிலையத்திலோ சீதையின் சுயம்வரமும் கண்ணன் லீலைகளும் காணலாம். 2017 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்க் கலைஞர், பெரும்பாலும் பெண்டிர், 7000 சதுர அடிக்கும் மேற்பட்ட பரப்பில் ஊதியம் பெறாது தீட்டியவை அவை.

இக்கலை பிறந்த இடம் கோஹ்பர் எனப்படும் மணவறை. புதுமணத் தம்பதியர் முதல் இரவுகளைக் கழிக்கும் அவ்வறையின் சுவரில், தாமரை வட்டங்களை ஊடுருவி நிற்கும் மூங்கிலையும், கிளி, மீன், ஆமை, சூரிய சந்திரரையும் வீட்டுப் பெண்கள் வரைவர். தரையில் அவர்கள் இடும் அரிபன் நம் இல்லங்களின் மாக்கோலத்திற்கு உடன்பிறப்பு. அரிசி மாவே அதற்கும் பொருள். 1934-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோதுதான், ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேய அதிகாரி உள்ளறைச் சித்திரங்களைக் கண்டார். 1949-இல் 'மார்க்' இதழில் அவற்றைக் குறித்து எழுதினார். ஆயினும் சுவரில் பெயர் எழுதும் வழக்கம் ஏது? இரவிவர்மா படம் என்று சொல்லப் பழகிய நாம், இதனை ஊர்ப் பெயரால் மதுபனிப் படம் என்று சொல்லி நிறுத்திக் கொள்கிறோம்.

1966–67-இன் கொடிய பஞ்சத்தின்போது, கைத்தொழில் வாரியத்தைச் சேர்ந்த புபுல் ஜெயகர் அம்மையார் பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியரை இங்கே அனுப்பினார். அவர் பெண்களுக்குத் தாள் கொடுத்து வரையச் செய்தார். தாள் வந்த பின்னரே பெயர்களும் வெளிவந்தன. ஜித்வார்பூர் ஜகதம்பா தேவி 1975-இலும், அவ்வூர்ச் சீதா தேவி 1981-இலும் பத்மஸ்ரீ பெற்றனர்.

1984-இல் அவ்விருதைப் பெற்ற கங்கா தேவியின் வரலாறு நெஞ்சை உருக்குவது. கணவரால் கைவிடப்பட்டவர். மயிரிழை போன்ற கோடுகளால் வரையும் கச்சனி முறையில் வல்லவர். 1985-இல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா சென்றவர், அங்கே தாம் ஏறிய ராட்டினத் தொடர்வண்டியையும் மணவறைத் தாமரைக்குரிய அதே கோடுகளால் வரைந்தார்! புற்றுநோய் பற்றியபோது, தம் மருத்துவமனை நாட்களையும் படங்களாக்கினார். அந்நோயுடன் போராடிய 1989–90-இல், தில்லிக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதும் கோஹ்பர் தீட்டினார். 1991-இல் காலமானார். 2015-இல் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்தபோது அவ்வறையை அழித்துவிட்டனர். தில்லியில் வாழும் நம்மவர் எத்தனை முறை அவ்வழியே போயிருப்போம்!

ராந்தி கிராமத்துத் துலாரி தேவியையும் சொல்ல வேண்டும். மீனவர் குலத்தவர், ஓவியர் வீட்டில் வேலை செய்துகொண்டே கற்றவர், 2021-இல் பத்மஸ்ரீ. 2025-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வரவு செலவுத் திட்டத்தன்று உடுத்தியிருந்த சேலை அவர் தீட்டியளித்ததே. மதுரையில் பிறந்தவர் உடுத்த மிதிலைச் சேலை என்று எங்கள் வீட்டில் பெருமை பேசினோம்.

மதுபனி நிலையத்திலிருந்து சில மைல் தொலைவில் ஜித்வார்பூர். வாடகை வண்டி எளிதில் கிடைக்கும். பல வீடுகளின் திண்ணையிலேயே படம் எழுதிக் கொண்டிருப்பர். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வர். நாங்கள் இரட்டை மீன் படம் ஒன்று வாங்கினோம். பெயர் எழுதித் தருமாறு என் மனைவி கேட்டாள். அம்மூதாட்டி தூரிகையைத் துடைத்து, மெல்லிய முனையுள்ள வேறொன்றை எடுத்துக்கொண்டு, மீன்வாலின் அடியில் தம் பெயரையும் ஊர்ப் பெயரையும் நிதானமாக எழுதினார். மை உலரும் வரை படத்தைச் சுருட்டவேண்டாம் என்றார்.